உங்களுக்குத் தெரியுமா? கோல் போட்டால் போதுமா, ஊருக்குத் தெரிய வேண்டாமா!

2019 தீபாவளிக்கு ‘பிகில்’ வந்தது. அருப்புக்கோட்டையில் டிக்கெட்டுக்கு அடிதடி. படத்தில் பெண்கள் கால்பந்து ஆடி இந்தியக் கோப்பையைத் தூக்கியதும் தியேட்டரே எழுந்து நின்றது. சரி, அதே ஆண்டு மே மாதம் நிஜமாகவே தமிழ்நாட்டுப் பெண்கள் கிளப் ஒன்று இந்தியக் கோப்பையைத் தூக்கியது தெரியுமா? சேது எஃப்.சி. என்பது அதன் பெயர். லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தியது.

மதுரை கிளப் என்றுதான் பத்திரிகைகள் எழுதின. தவறில்லை. ஆனால் அதற்குத் தோள்கொடுக்கும் சேது கல்லூரி இருப்பது காரியாபட்டி வட்டம் புல்லூரில். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் வருகிறவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டித்தான் வருகிறார்கள். இந்திய சாம்பியனின் வாசல் வழியாக வந்துவிட்டு, சினிமாவில் சாம்பியனைப் பார்க்க டிக்கெட் எடுத்திருக்கிறோம்!

இதில் பார்வையாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘பிகில்’ வருவதற்குப் பல மாதம் முன்பே போஸ்டர், பாட்டு, பேட்டி என்று ஒரு படையே வேலை பார்த்தது. பெண்கள் கால்பந்துக்கு அப்படி ஒரு படை இல்லை. வெற்றிக்குக் கால் கிடையாது, யாராவது தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கால்பந்து கிளப்களில் அப்படித் தூக்கி நடக்கிறவருக்கு ஒரு பதவியே உண்டு. மீடியா மேனேஜர், மீடியா ஆபீசர், பெரிய கிளப் என்றால் ஊடகத் தொடர்புத் தலைவர். இந்த முறை அவர்களைப் பற்றிய துணுக்குகள்.

●

இந்த வேலை கிளப் முதலாளியின் விருப்பத்துக்கு விட்ட அலங்காரப் பதவி இல்லை. ஐரோப்பாவில் யூஈஎஃப்ஏ, ஆசியாவில் ஏ.எஃப்.சி. என்ற கால்பந்து அமைப்புகள் இரண்டும் கிளப்களுக்கு லைசென்ஸ் தரும்போது மைதானம், கணக்கு வழக்கு, இளையோர் அணி இவற்றோடு ‘மீடியா ஆபீசர் யார்?’ என்றும் கேட்கின்றன. கோல்கீப்பர் கோச் இருக்கிறாரா என்று கேட்கிற அதே படிவத்தில் பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்ற கேள்வியும் இருக்கிறது.

●

பட்டமே செய்தி அனுப்பிய காலம்

1911 ஜூலை 29. கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான், பூட்ஸ் போட்ட கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்றது. பிரிட்டிஷ் அணியை வீழ்த்தி அந்த ஷீல்டை வாங்கிய முதல் இந்திய கிளப் அதுதான். மைதானத்தில் கூட்டம் அலை மோதியது. பாதிப் பேருக்குப் பந்தே தெரியவில்லை. அவர்களுக்கு ஸ்கோர் எப்படிப் போய்ச் சேர்ந்தது? பட்டத்தில் எழுதிப் பறக்கவிட்டார்கள். வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அதே கிளப்பின் பெயரும் சின்னமும் 2020 ஜூலை 29 அன்று நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் நாஸ்டாக் விளம்பரத் திரையில் ஓடின. பட்டத்திலிருந்து நாஸ்டாக் வரை 109 ஆண்டு. தேதியை மட்டும் கிளப் மாற்றவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளை ‘மோகன் பகான் தினம்’ என்று கொண்டாடி, பழைய வெற்றி ஒன்றையே புதுச் செய்தியாக்கிக்கொண்டிருக்கிறார்கள். விளம்பரக் கம்பெனிகள் பாடம் கற்க வேண்டிய இடம்.

●

திருச்சுழி பெற்ற கால்பந்து வீரர் ஒருவர் உலகப் புகழ் பெற்றார். ஆனால் கால்பந்துக்காக அல்ல. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பிற்பாடு ரமண மகரிஷி. மதுரையில் பள்ளியில் படித்த காலத்தில் புத்தகத்தைவிடக் கால்பந்து, மல்யுத்தம், ஓட்டம் இவற்றில்தான் அவருக்கு நாட்டம். அவர் சேர்ந்த பக்கமே ஜெயிக்கும் என்பதால் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் ‘தங்கக்கை’ என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். 1896இல் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போனார். நெடுங்காலம் பேசாமலே இருந்தார். அந்த மௌனத்தை மேல்நாட்டுக்குக் கொண்டுபோனது பால் பிரண்டன் 1934இல் வெளியிட்ட புத்தகம். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவருக்கும் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார்!

●

1977இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று ஜெயித்துத்தான் எம்.ஜி.ஆர். முதன்முறை முதலமைச்சர் ஆனார். ஒரு முகத்தை மக்கள் மனத்தில் எப்படிப் பதிய வைப்பது என்பதை இந்த ஊருக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

●

ரேடியோவில் கட்டம் போட்ட மைதானம்

1927 ஜனவரி 22. லண்டனில் ஆர்சனலும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் மோதின. ஆட்டம் 1-1. லீக் கால்பந்து ஆட்டம் ஒன்றை பி.பி.சி. வானொலி முதன்முதலாக நேரடியாக வர்ணித்த நாள் அது. பந்து எங்கே இருக்கிறது என்று வீட்டில் கேட்பவருக்கு எப்படிப் புரியும்? மைதானத்தை எட்டுக் கட்டமாகப் பிரித்து எண் போட்டு, அந்தப் படத்தை ‘ரேடியோ டைம்ஸ்’ பத்திரிகையில் முன்கூட்டியே அச்சிட்டார்கள். ஒருவர் ஆட்டத்தை வர்ணிக்க, இன்னொருவர் பின்னாலிருந்து கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்பவர் படத்தில் விரலை வைத்துப் பந்தைத் துரத்தலாம்.

அதே ஆர்சனலின் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் இன்னொரு காரியம் செய்தார். மைதானத்துக்கு அருகே ‘கில்லஸ்பி ரோடு’ என்று ஒரு சுரங்க ரயில் நிலையம் இருந்தது. அதன் பெயரை ‘ஆர்சனல்’ என்று மாற்றச் சொல்லி மல்லுக்கு நின்றார். 1932இல் மாற்றினார்கள். டிக்கெட், வரைபடம், பெயர்ப் பலகை எல்லாம் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து கால்பந்தே பிடிக்காத லண்டன்காரரும் ரயிலில் போகும்போது கிளப்பின் பெயரைப் படித்துத்தான் ஆக வேண்டும். சாப்மனின் வேலை அணியைப் பயிற்றுவிப்பது. இதையும் அவரே செய்தார் என்பதால், தனியாக மீடியா ஆபீசர் இல்லாத காலத்தின் மிகச்சிறந்த மீடியா ஆபீசர் என்று நான் அவரைத்தான் சொல்வேன். 1937இல் பி.பி.சி. டெலிவிஷன் முதன்முதலாகப் படம்பிடித்த கால்பந்தும் அவர் விட்டுப்போன அந்த மைதானத்தில்தான்; ஆர்சனலும் ஆர்சனலின் ரிசர்வ் அணியும் ஆடிய ஆட்டம். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

●

அணியும் நிருபரும் ஒரே விமானத்தில்

முன்பெல்லாம் கிளப்புக்கும் பத்திரிகைக்கும் நடுவில் ஆள் கிடையாது. ஒன்றாகப் பயணம், ஒன்றாகச் சாப்பாடு. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் மாண்ட 23 பேரில் மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள் 8 பேர் என்பது பலருக்குத் தெரியும். பத்திரிகையாளர்களும் 8 பேர் என்பது பலருக்குத் தெரியாது. அதில் ஒருவர் ஃபிராங்க் ஸ்விஃப்ட். இங்கிலாந்தின் கோல்கீப்பராக இருந்து, ஓய்வு பெற்றபின் நிருபர் ஆனவர்.

●

சென்னையின் எஃப்.சி. பிறந்தது 2014இல். அபிஷேக் பச்சன், தோனி, வீடா தானி என்று உரிமையாளர் பட்டியலே ஒரு பிரஸ் மீட்டுக்குக் கூட்டம் சேர்க்கும். அதில் ஒரு சங்கடமும் உண்டு. கேமராக்கள் உரிமையாளர் பக்கம் திரும்பிவிட்டால் ரைட் பேக் ஆடுகிறவர் பெயரை யார் எழுதுவது? தொடக்க கால ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) செய்திகளைப் புரட்டினால் நடிகர்களும் கிரிக்கெட்காரர்களும்தான் படத்தில் இருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ‘போடு மச்சி கோலு’ என்ற கோஷம் எழுந்தது. ‘சூப்பர் மச்சான்ஸ்’, ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’ என்று ரசிகர் குழுக்கள் முளைத்தன. கிளப்பின் குரல் தமிழில் கேட்டபோதுதான் ஸ்டேடியத்தின் மலிவு டிக்கெட் பகுதிக்கும் அது தம்முடையது என்ற எண்ணம் வந்தது என்பது என் கட்சி. ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ்ச் சேனல் வந்தது 2017 மே மாதம். அதன் பிறகு தமிழ் வர்ணனையோடு கால்பந்து பார்ப்பது கிராமத்திலும் சாத்தியமானது.

●

வெள்ளத்தில் ஒரு அரையிறுதி

2015 டிசம்பர். சென்னை தண்ணீரில் மிதக்கிறது. அந்த வாரமே சென்னையின் அணிக்கு அரையிறுதி. சொந்த மைதானத்தில் ஆட முடியாது. ‘ஹோம்’ ஆட்டத்தைப் புனேயில் வைத்தார்கள். வேற்றூரில், தன் ரசிகர் இல்லாத ஸ்டேடியத்தில், நடப்பு சாம்பியனான அட்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது கோச் மார்கோ மாட்டெராஸியின் அணி. டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். கடைசி நிமிடங்களில் 2-1 என்று கோவா முன்னிலை. பிறகு இரண்டே நிமிடத்துக்குள் இரண்டு கோல், 3-2, கோப்பை சென்னைக்கு.

மீடியா ஆபீசருக்கு இதைவிட நல்ல கதை கிடைக்குமா? வீடிழந்த ஊருக்குக் கோப்பை வருகிறது. ஆனால் அன்றிரவு அவர் எழுத வேண்டியிருந்தது வேறு. மைதானத்திலேயே தகராறு, கோவா கிளப்பின் இணை உரிமையாளர் ஒருவர் புகார் கொடுக்க, சென்னையின் பிரேசில் வீரர் எலானோவைக் கோவா போலீஸ் கைது செய்து ஜாமீனில் விட்டது. மறுநாள் காலைத் தலைப்புகளில் பாதி கோப்பைக்கு, பாதி போலீஸ் ஸ்டேஷனுக்கு. பிற்பாடு 2016 மே மாதம் ஐ.எஸ்.எல். ஒழுங்குக் குழு இந்த விவகாரத்தில் கோவா கிளப்புக்கு 11 கோடி ரூபாய் அபராதமும் 15 புள்ளிக் குறைப்பும் விதித்தது; மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் தீர்ப்பு வந்த செய்தியைப் படித்தவர்கள் எத்தனை பேர்? கைதுச் செய்தி ஓடிய தூரத்தில் கால்வாசி கூட அது ஓடவில்லை. முதல் நாள் என்ன சொன்னோம் என்பதுதான் நிற்கும். பத்திரிகைத் தொடர்பில் இருப்பவர்கள் முதல் ஒரு மணி நேரத்துக்கு அப்படிப் பதறுவது இதனால்தான்.

●

ஆட்ட நாளில் மீடியா ஆபீசரின் நாள் எப்படி இருக்கும்? முந்தின நாளே கோச்சையும் ஒரு வீரரையும் பிரஸ் மீட்டில் உட்கார வைத்திருப்பார். எந்தக் கேள்வி வரும் என்று கோச்சிடம் காதில் போட்டிருப்பார். ஆட்ட நாளில் பாஸ், போட்டோகிராபர்களுக்கு எண் போட்ட மேல்சட்டை, பத்திரிகை இருக்கையில் பிளக் பாயின்ட் வேலை செய்கிறதா என்ற சில்லறை வேலைகள். (கடைசியாகச் சொன்னதில் கோட்டை விட்டால் நிருபர்கள் மன்னிக்கவே மாட்டார்கள்.) ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பு பதினொரு பேர் பட்டியல் வெளியாகும். அதற்கு முன் அது கசிந்தால் எதிரணிக்கு லாபம். கோச்சின் கோபம் முதலில் விடிவது இவர் தலையில்தான்.

ஆட்டம் முடிந்த சில நிமிடத்தில், வியர்வை காயுமுன் டி.வி.க்கு ஒரு குட்டிப் பேட்டி. பிறகு கோச்சின் பிரஸ் மீட். கடைசியாக ‘மிக்ஸ்டு ஸோன்’: உடைமாற்றும் அறையிலிருந்து பஸ் வரைக்கும் ஒரு நடைபாதை, இடையில் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் நிருபர்கள். வீரர்கள் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஜெயித்த அன்று எல்லோரும் நின்று பேசுவார்கள். தோற்ற அன்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ போனில் கூப்பிடுவதுபோல் நடிப்பார்கள். அவர்களில் ஒருவரையாவது தோளைத் தட்டி நிறுத்துவது மீடியா ஆபீசரின் சாமர்த்தியம்.

●

கோச் பேசவே மாட்டேன் என்றால்? மான்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் ஃபெர்குசன் தன் மகனைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தால் கோபமடைந்து 2004இலிருந்து 2011 வரை பி.பி.சி.க்குப் பேட்டியே தரவில்லை. உதவி கோச்சை அனுப்பிவைத்தார். பிரீமியர் லீக் விதி கடுமையாகி அபராதப் பேச்சு வந்த பிறகுதான் 2011 ஆகஸ்டில் சமாதானம். ஏழு வருஷம்!

●

பத்திரிகைக்குக் கதவடைப்பதிலும் ரகம் உண்டு. 2013 அக்டோபரில் நியூகாசில் யுனைடெட், ரசிகர்களின் எதிர்ப்பு ஊர்வலத்தைப் பற்றி எழுதியதற்காகத் தன் ஊரின் மூன்று பத்திரிகைகளுக்குத் தடை போட்டது. இது கிளப்பின் வீம்பு. 2017 பிப்ரவரியில் லிவர்பூல் ‘தி சன்’ பத்திரிகை நிருபர்களைத் தன் மைதானத்துக்குள் விடுவதில்லை என்று முடிவெடுத்தது. 1989 ஹில்ஸ்பரோ நெரிசலில் இறந்த ரசிகர்களைப் பற்றி அந்தப் பத்திரிகை முதல் பக்கத்தில் பொய் எழுதியிருந்தது; அந்த நெரிசலால் மாண்டவர்கள் 97 பேர். இது ஊரின் காயம். தடை என்ற செயல் இரண்டிலும் ஒன்றுதான். நியூகாசிலில் ரசிகர்கள் பத்திரிகை பக்கம் நின்றார்கள், லிவர்பூலில் கிளப் பக்கம்.

●

2,569

இது ஒரு சர்வதேசக் கால்பந்து ஆட்டத்துக்கு வந்த கூட்டம். 2018 ஜூன் 1, மும்பை. இந்தியா சீன தைபேயை 5-0 என்று வென்றது; கேப்டன் சுனில் சேத்ரி ஹாட்ரிக் அடித்தார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். நம் பக்கம் ஒரு பொங்கல் விழாக் கபடிக்கே இதைவிடக் கூடும்.

மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ போட்டார். ஸ்டூடியோ இல்லை, இசை இல்லை, ஸ்பான்சர் பலகை இல்லை. எங்களைத் திட்டவாவது வாருங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்ற பொருளில் கையெடுத்துக் கேட்டார். விராட் கோலி, சச்சின் என்று பலரும் அதைப் பகிர்ந்தார்கள். ஜூன் 4 அன்று கென்யாவோடு நடந்த ஆட்டம், சேத்ரியின் நூறாவது சர்வதேச ஆட்டம். டிக்கெட் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. கொட்டும் மழையிலும் கூட்டம் இருந்தது. கிளப்களின் மீடியா அறைகளில் இன்றைக்கும் இந்த வீடியோவைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை. அழகாக எடுத்த ஆயிரம் விளம்பரத்தால் வராதது, தோற்றுப்போகவும் தயாராக ஒருவர் கேட்டதில் வந்தது. அதற்காக மாதம் ஒரு வீடியோ இப்படிப் போட முடியுமா? முடியாது. இரண்டாவது முறை கேட்டால் அதற்குப் பெயர் புலம்பல்.

●

மன்னிப்புக்கு விலை 2 கோடி. 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் நடந்த ஐ.எஸ்.எல். பிளே-ஆஃப் ஆட்டத்தில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீகிக்கை நடுவர் கோல் என்றதும், கேரளா பிளாஸ்டர்ஸ் அணி ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறியது. இந்தியக் கால்பந்து சம்மேளனம் விதித்த அபராதம் 4 கோடி ரூபாய். அதோடு கிளப் பகிரங்க மன்னிப்புக் கேட்க வேண்டும்; கேட்காவிட்டால் அபராதம் 6 கோடி. கோச் இவான் வுகொமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம், அவரும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கிளப்பும் கோச்சும் ஏப்ரலில் மன்னிப்பு அறிக்கை வெளியிட்டார்கள். அந்தச் சில வரிகளை எழுதியவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கீழே ரசிகர்கள், ‘எதற்கு மன்னிப்பு, நாம் செய்தது சரிதானே’ என்று கொதிக்கிறார்கள். மேலே வக்கீல். ஒரு வார்த்தை குறைந்தால் 2 கோடி.

●

நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முடிந்த லீக்

2021 ஏப்ரல் 18 ஞாயிறு இரவு, ஐரோப்பாவின் 12 பணக்கார கிளப்கள் ‘சூப்பர் லீக்’ என்று தனி லீக் தொடங்குவதாக அறிக்கை விட்டன. வீரர்களுக்குத் தெரியாது. கோச்களுக்குத் தெரியாது. மறுநாள் கேமரா முன் வந்து பதில் சொன்னவர்களோ அவர்கள்தான்! கையெழுத்துப் போட்ட ஆங்கிலேய கிளப் முதலாளிகள் யாரும் முகம் காட்டவில்லை. ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரல் 20 இரவுக்குள் ஆறு ஆங்கிலேய கிளப்களும் பின்வாங்கின. மறுநாள் காலை லிவர்பூல் முதலாளி ஜான் ஹென்றி வீடியோவில் மன்னிப்புக் கேட்டார். கல்யாணப் பத்திரிகையை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையிடம் சொல்ல மறந்த கதை.

●

பேசாமல் இருக்க வேண்டிய நேரமும் உண்டு. 2018 அக்டோபர் 27 இரவு, லெஸ்டர் சிட்டி மைதானத்திலிருந்து கிளம்பிய உரிமையாளரின் ஹெலிகாப்டர் பக்கத்திலேயே விழுந்து எரிந்தது. உலகம் முழுக்க ஊகம். கிளப் மறுநாள் இரவுதான் உரிமையாளர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா உட்பட ஐவரும் இறந்ததை உறுதி செய்தது. ‘ஏன் இவ்வளவு தாமதம்’ என்று கேட்டவர்கள் உண்டு. இறந்தவர்களின் வீட்டாரை முந்திக்கொண்டு செய்தி போடாத அந்த ஒரு நாளுக்காக அந்த மீடியா பிரிவை மதிக்கிறேன். நம் வாட்ஸ்அப் குரூப்களில் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருப்பவருக்கே ‘ஆழ்ந்த இரங்கல்’ போட்டுவிடுகிறோமே!

●

ரோமா கிளப் 2019 கோடையில் புது வீரர்களை அறிவித்த வீடியோக்களில் ஒரு பாதியில் வீரர், மறு பாதியில் காணாமல்போன குழந்தைகளின் படங்கள். யார் வருகிறார் என்று பார்க்கக் கோடிக்கணக்கானோர் கிளிக் செய்வார்கள்; அந்தக் கண்களைக் குழந்தைகள் பக்கம் திருப்பலாமே என்பது கணக்கு. பல நாட்டுக் குழந்தைகள் மீட்பு அமைப்புகள் சேர்ந்துகொண்டன. அப்படிக் காட்டப்பட்டவர்களில் சிலர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். டிஜிட்டல் பிரிவைக் கவனித்த பால் ராஜர்ஸின் யோசனை. செலவு? ஏற்கெனவே எடுக்க இருந்த வீடியோதான்.

●

காலி ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம்: 2020 மார்ச் 14, கோவா. கொரோனாவால் கதவு மூடி நடந்த ஐ.எஸ்.எல். இறுதியில் சென்னையின் அணி ஏ.டி.கே.விடம் 1-3 என்று தோற்றது. அடுத்த இரண்டு சீசனும் கோவாவிலேயே, தனிமைக் கூடாரத்துக்குள். பிரஸ் மீட் முழுக்க வீடியோ காலில். நிருபர் மதுரையிலிருந்தாலும் சென்னையிலிருந்தாலும் ஒரே வரிசை. வசதி வந்தது. ஆனால் பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஒரு வீரர் சும்மா சொல்லிவிட்டுப் போகும் அந்த ஒரு வரி போய்விட்டது. நல்ல கட்டுரைகள் பெரும்பாலும் அதில்தான் பிறக்கும்.

●

தாஷ்கண்டில் மாட்டிக்கொண்ட பெண்கள் அணி. 2022 ஆகஸ்டில் ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காக கோகுலம் கேரளா உஸ்பெகிஸ்தான் போய் இறங்கியது. அதே சமயத்தில் இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. அணிக்கு ஆட அனுமதி இல்லை. கிளப் பிரதமருக்கு எழுதிய கடிதத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டது. பத்து நாளில், ஆகஸ்ட் 26 அன்று, இடைநீக்கம் விலகியது. அதற்குள் அவர்களின் போட்டி கைவிட்டுப் போயிருந்தது. அந்த ஆண்டு மே மாதம் புவனேஸ்வரில் நடந்த இந்திய மகளிர் லீக்கின் கடைசி ஆட்டத்தில் 3-1 என்று வென்றுதான் அவர்கள் அந்தத் தகுதியைத் தக்கவைத்திருந்தார்கள். யாரை வென்று? நம் சேது எஃப்.சி.யை.

●

ஆட்டமே இல்லாத நேரத்தில் என்ன செய்தி எழுதுவது? 2025 கோடையில் ஐ.எஸ்.எல். நடக்குமா என்பதே கேள்விக்குறியானது. ஆகஸ்டில் பெங்களூரு கிளப் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அடுத்த சில நாளில் சென்னையின் கிளப்பும் செயல்பாடுகளை நிறுத்தி வைப்பதாகச் சொன்னது. ‘கடினமான முடிவு’ என்ற சொற்களை இந்தியக் கால்பந்து அவ்வளவு அதிகமாகப் படித்த மாதம் வேறு இருக்காது.

●

தமிழ்நாட்டு மகளிர் அணி தேசிய சாம்பியன் ஆனது ஒரு முறை அல்ல, இரு முறை. 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்றும், 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்றும் வீழ்த்தியது. நான் கேட்டவர்களில் முதல் வெற்றியை நினைவு வைத்திருந்தவர்கள் சிலர். இரண்டாவதைக் கேள்விப்பட்டவரே அரிது.

●

கடைசியாக, உள்ளூர் மேட்டர்

அருப்புக்கோட்டை, பந்தல்குடி, நரிக்குடி, திருச்சுழி பக்கம் ஒரு டோர்னமென்ட் என்றால் என்னவெல்லாம் நடக்கும்? ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். பிளெக்ஸ் நிற்கும். துண்டு நோட்டீஸ் வரும். நோட்டீஸை ஒரு தடவை கூர்ந்து படியுங்கள். முதல் பரிசு உபயம், இரண்டாம் பரிசு உபயம், கோப்பை உபயம், பந்து உபயம், குடிதண்ணீர் உபயம் என்று முப்பது பெயர் இருக்கும். ஆடுகிற பையன் ஒருவன் பெயர் இருக்காது. உபயதாரர் பெயர் விட்டுப்போனால் அடுத்த வருஷம் கோப்பை வராது, அது நியாயம்தான். ஆனால் நோட்டீஸின் பின்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது?

முடிவு தெரிந்ததும் நிருபருக்கு அனுப்ப ஒரு பிரஸ் நோட் போதும். கிளப் மீடியா ஆபீசர் எழுதுவதும் ஏறக்குறைய இதேதான். முதல் வரியிலேயே யார் யாரை எத்தனைக்கு எத்தனை என்று ஜெயித்தார்கள். ‘கோலாகலமாக நடைபெற்ற விழாவில்’ என்று ஆரம்பித்தால் டெஸ்க்கில் இருப்பவர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். இடம், நாள், கோல் அடித்தவர்கள், அடுத்த ஆட்டம் எப்போது. சிறப்பு விருந்தினர் கடைசிப் பத்தியில். படம் இரண்டு: ஒன்று பந்தோடு, ஒன்று கோப்பையோடு. பொன்னாடை போர்த்துகிற படம் வேண்டாம், அது பத்திரிகை அலுவலகத்தில் ஏற்கெனவே ஆயிரம் இருக்கிறது. 1942இல் மதுரையில் பிறந்த ‘தினத்தந்தி’ முதல் நேற்று முளைத்த யூடியூப் சேனல் வரை எல்லோருக்கும் மாவட்டச் செய்தி வேண்டும், ஆனால் பொழுது சாய்வதற்குள் வேண்டும். இரவு பத்து மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அனுப்பினால் மறுநாள் பேப்பரில் இடம் இருக்காது.

கோல் அடித்தவர் பெயருக்கு முன்னால் இனிஷியலும் பின்னால் ஊரும் கட்டாயம். ஒரே டீமில் மூன்று முத்துக்குமார் இருப்பார்கள். மூன்று வீட்டிலும் அம்மாக்கள் பேப்பரை வெட்டி வைப்பார்கள்.